காசில் வெள்ளியைக் குறைப்பதற்கு ‘மாற்றுக்குறைப்பு’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாணயவியல் கலைச்சொற் பட்டியலில் ஓரிடம் காலியாகவே கிடக்கிறது. முகமதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, காசில் உள்ள வெள்ளியை அரசே குறைத்து அச்சடிப்பதற்கு என்ன பெயர்? ‘கலப்படம்’ ஆகாது, அது குற்றம், இது சட்டம் போட்டுச் செய்வது. ‘தரக்குறைப்பு’ எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனாலேயே எதையும் சுட்டாது.

‘மாற்றுக்குறைப்பு’ என்பது என் முன்மொழிவு. மதுரை நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் நகையை உரைகல்லில் இழைத்துப் பார்த்துச் சொல்வது மாற்றுதான், அதாவது உலோகத்தின் தூய்மை அளவு. பத்தரைமாற்றுத் தங்கம் என்பதை அறியாதவர் இல்லை. வெள்ளிக்கும் அதையே நீட்டலாம்.

1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாய் 11.66 கிராம், 12இல் 11 பங்கு, அதாவது 10.69 கிராம் வெள்ளி. 1940இல் எடையைத் தொடாமல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள்: 5.83 கிராம். போர் அச்சத்தில் மக்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கியது ஒரு காரணம். அப்போதும் அது 16 அணாதான்.

பழைய ரூபாயையும் பாதி வெள்ளி ரூபாயையும் பிரித்தறிய உரைகல்லை மட்டும் நம்ப வேண்டாம். மட்டமான வெள்ளியை அமிலத்தில் வெளுத்தால் மேற்பரப்புச் செம்பு கரைந்து வெள்ளி தூக்கலாகத் தெரியும். காசை நூலில் கட்டி, நீரில் முழுக்கத் தொங்கவிட்டு நிறுங்கள். தேயாத பழைய ரூபாய் சுமார் 1.13 கிராம் குறையும். பாதி வெள்ளி ரூபாய் 1.22 கிராம். தேய்ந்த காசானால், காற்றில் நிறுத்த எடையை இந்தக் குறைவால் வகுக்க வேண்டும்: 10.3 வந்தால் பழையது, 9.5 வந்தால் புதியது. குமிழி ஒட்டியிருந்தால் நல்ல காசும் மட்டமாகக் காட்டும். தூரிகையால் தட்டிவிட்டு நிறுக்கவும்.

— மதுரை

> வெள்ளிக்கும் அதையே நீட்டலாம்.

நீட்டலாம் ஐயா, எனக்கும் பிடித்த சொல். ஆனால் ‘நாணய மாற்றுக்குறைப்பு’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் ‘நாணய மாற்று’ என்று பிரித்து அந்நியச் செலாவணிக்குப் போய்விடுவார். முன்னால் ‘காசின்’ அல்லது ‘ரூபாயின்’ என்றே வர வேண்டும்.

எடையைக் குறைப்பதாலும் காசில் வெள்ளி குறையும், ஆனால் வழி வேறு. ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64இல் தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசின் எடை, மாற்று இரண்டையுமே குறைத்தான். ஆகவே ‘எடைக்குறைப்பு’ தனிப் பதிவாக இருக்கட்டும்.

இன்னொன்று. 2016 நவம்பர் 8 அறிவிப்பைப் பத்திரிகைகள் ‘பணமதிப்பிழப்பு’ என்கின்றன. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளில் 99.3 விழுக்காடு வங்கிக்குத் திரும்பி, பெரும்பகுதி கட்டியவர் கணக்கில் ஏறியது. நோட்டு செல்லாமல் போயிற்றே தவிர, கணக்கில் ஏறிய பணத்தின் மதிப்பு போகவில்லை. அதற்குச் ‘செல்லாதாக்கம்’ வேண்டும். கடைக்காரர் வாயில் ‘செல்லும், செல்லாது’ இன்றும் புழங்குகிறது.

— மேலூர்

முழுதும் ஏற்கிறேன். ‘குறைப்பு’ என்றால் ஒருவர் செய்தது, ‘குறைவு’ என்றால் தானாக நேர்ந்தது. இந்த வேறுபாட்டை விடக்கூடாது. 1966 ஜூன் 6 அன்று டாலர் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது அரசு அறிவித்த மதிப்புக்குறைப்பு. சந்தையில் நாள்தோறும் ரூபாய் இறங்குவது மதிப்புக்குறைவு. இரண்டிலும் காசின் உலோகம் மாறுவதில்லை. மாற்றுக்குறைப்பு, எடைக்குறைப்பு, மதிப்புக்குறைப்பு, மதிப்புக்குறைவு, செல்லாதாக்கம் ஐந்தையும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகப் பட்டியலில் ஏற்றுகிறேன்.

— மதுரை