பஃபர் ஓட்டிய பிறகு மார்பிள் தரையில் வட்டக் கோடுகள்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தின் மார்பிள் தரையைப் பளபளப்பாக்குவதற்காக, 17 அங்குல பேடு (தரையைத் தேய்க்கும் வட்டத் திண்டு) பொருத்தும் பஃபர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நிமிடத்துக்கு 175 சுற்று என்று அதில் குறித்திருக்கிறது. தரையைக் கழுவி, திரவ மெழுகு பூசி, அது காய்ந்ததும் சிவப்பு பேடு மாட்டி ஓட்டினோம். பகலில் தரை நன்றாகவே தெரிகிறது. ஆனால், மாலையில் விளக்கொளி சாய்வாக விழும் இடங்களில் வட்ட வட்டமாகக் கோடுகளும், அவற்றின் மேல் பால் படர்ந்தது போன்ற மங்கலும் தெரிகின்றன. இன்னொரு பூச்சு மெழுகு போட்டால் இவை மறைந்துவிடுமா, அல்லது கறுப்பு பேடு கொண்டு தேய்க்க வேண்டுமா? இயந்திரமும் நேராகச் செல்லாமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது.

பதில் 1:
கறுப்பு பேடைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். பழைய மெழுகை உரித்தெடுப்பதற்கான முரட்டு பேடு அது. மார்பிள் மென்மையான கல் என்பதால், பளபளப்பு மொத்தமும் போய்விடக்கூடும். மெழுகையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்தக் கோடுகள் மெழுகில் இருக்கின்றனவா, கல்லிலேயே விழுந்திருக்கின்றனவா என்பது தெரியாமல் எதைச் செய்தாலும் வீண் உழைப்பாகத்தான் முடியும். ஓரமான ஓரிடத்தில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகத்தில் வெண்மையாகப் பிசுபிசுப்பு ஒட்டினால் மெழுகு தடிமனாக இருக்கிறது என்று பொருள். பிறகு அதே இடத்தில் ஒரு சாண் அளவுக்கு, மார்பிளுக்கு ஏற்றது என்று புட்டியில் குறிப்பிட்டுள்ள மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்து, தண்ணீரால் அலசி, நன்றாக உலரவிட்டு, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் மறைந்திருந்தால் கல்லுக்குச் சேதமில்லை. மறையவில்லை என்றால் கல் கீறியிருக்கிறது. அதை வைரத்தூள் பதித்த பேடுகளால் படிப்படியாக இழைத்துத்தான் சரிசெய்ய முடியும். அந்த வேலையைக் கல் மெருகிடுவதில் பழகியவரிடம் விடுவதே நல்லது.

பதில் 2:
எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரால் துடைத்தால் மங்கல் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை முதலில் முயலலாமே?

பதில் 1:
மன்னிக்கவும், மார்பிளில் அது கூடவே கூடாது. மார்பிளின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டவுடன் கல்லின் மேற்பரப்பு கரைந்து, எந்தத் துடைப்புக்கும் போகாத மங்கலான தழும்பு விழும். மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுகளும் சிமெண்டும் இருப்பதால் அதற்கும் இது பொருந்தும்.

பதில் 3:
இயந்திரம் இழுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். இவ்வகை இயந்திரத்தைத் தள்ளி ஓட்டுவதில்லை. கைப்பிடியைச் சற்றே உயர்த்தினால் வலப்பக்கமும், சற்றே தாழ்த்தினால் இடப்பக்கமும் அது தானாகவே நகரும். இடுப்பளவில் கைப்பிடியைச் சமமாகப் பிடித்துக்கொண்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்படிப் பிடித்தும் குதித்தால், மின்செருகியைக் கழற்றிவிட்டு, பேடு நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல் அகலம் விலகியிருந்தாலே ஒரு பக்க விளிம்பு தரையில் அழுந்தி வட்டக் கோடு போடும். மின்கம்பியைத் தோளின் மேல் போட்டுப் பின்பக்கமாக விட்டுக்கொள்ளுங்கள், ஈரத் தரையில் அது கிடக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நகத்தில் பிசுபிசுப்பு ஒட்டியது. மெழுகை நீக்கிய இடத்தில் கோடுகளும் இல்லை, மங்கலும் இல்லை. பேடும் ஒரு பக்கம் விலகித்தான் இருந்தது. இனிக் கூடம் முழுவதையும் எப்படிச் செய்வது?

பதில் 1:
கல் தப்பியது மகிழ்ச்சி. முதலில் மணல் துகள் ஒன்றுகூட இல்லாதபடி பெருக்குங்கள். பேடுக்கு அடியில் சிக்கும் மணல்தான் மார்பிளுக்கு முதல் எதிரி. மெழுகு நீக்கும் திரவத்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து, சிறு சிறு பகுதியாகப் பரப்பி, அது காய்வதற்குள் மென்மையான பேடால் ஓட்டி, அழுக்கு நீரை வழித்தெடுத்து, இரண்டு முறையாவது நல்ல தண்ணீரால் அலசுங்கள். தரை முழுமையாக உலர்ந்த பிறகே மெழுகைத் தொடலாம். ஈரத்தின் மேல் பூசுவதும், தடிமனாகப் பூசுவதும்தான் பெரும்பாலும் அந்தப் பால் நிற மங்கலுக்குக் காரணம். மிக மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்து, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, வெள்ளை பேடால் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடியபடி செல்லட்டும். ஒரே இடத்தில் நிறுத்திச் சுழலவிட வேண்டாம். பேடில் மெழுகு அடைத்துக்கொண்டால் உடனே திருப்பிப் போடுங்கள். வேலை முடிந்ததும் பேடைக் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். இயந்திரத்தைப் பேடின் மீதே நிறுத்தி வைத்தால் அது ஒரு பக்கம் நசுங்கி, அடுத்த முறை மறுபடியும் குதிக்கும்.