பிரஷர் 100 என்றதும் நின்றுபோன மாத்திரைகள்: இதயச் செயலிழப்பு அனுபவங்கள்

மருத்துவர், இதய வெளிநோயாளர் பிரிவு

டிஸ்சார்ஜ் ஆகி நன்றாக நடமாடிய ஒருவர் மறுபடி மூச்சு வாங்க வந்தால், நான் முதலில் மாத்திரைப் பையைத்தான் கேட்பேன். அண்மையில் வந்தவர் லாரி ஓட்டுநர், ஐம்பது வயதைத் தாண்டியவர். மாரடைப்புக்குப் பின் எக்கோவில் (இதய ஸ்கேன்) இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 28 சதவீதம். நாங்கள் எழுதிக் கொடுத்தது சாக்குபிட்ரில்-வல்சார்டன், பிசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டபாக்ளிஃப்ளோசின், கூடவே லாசிக்ஸ். பையில் இருந்தது லாசிக்ஸும் ஆஸ்பிரினும்தான். ஊரில் பார்த்தபோது பிரஷர் 100/60 இருந்ததாம். "இதெல்லாம் பிரஷரைக் குறைக்கிற மாத்திரை, வேண்டாம்" என்று மூன்றை நிறுத்திவிட்டார்கள். சுகர் இல்லாதவருக்கு சுகர் மாத்திரை எதற்கு என்று நான்காவதும் போய்விட்டது.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. லாசிக்ஸ் நீரை இறக்கி மூச்சுத்திணறலைக் குறைக்கும். இ.எஃப். குறைந்தவர்களின் ஆயுளைக் கூட்டுவது நிறுத்தப்பட்ட அந்த நான்கும்தான். தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைத்ததை 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வு காட்டியது. டபாக்ளிஃப்ளோசின் சுகர் இல்லாத இதய நோயாளிக்கும் உதவும் என்று 2019இலேயே தெரிந்துவிட்டது.

பலவீனமான இதயம் உள்ளவருக்கு 100 என்பது பல நேரம் பழகிப்போன பிரஷர். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா, கைகால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைந்ததா என்று கேட்பேன். எதுவும் இல்லையென்றால் மாத்திரையைத் தொடரச் சொல்வேன். தலைசுற்றல் இருந்தால், வீக்கம் வற்றிய பிறகும் லாசிக்ஸ் அதே அளவில் போகிறதா, அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ கூட ஓடுகிறதா என்று பார்ப்பேன். இந்த நான்கில் கை வைப்பது அதற்கு அப்புறம்தான். ஓட்டுநருக்கு ஊசி மூலம் நீரை இறக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் சிறிய அளவில் திரும்பத் தொடங்கினோம். பிசோப்ரோலாலை மட்டும் நெஞ்சில் நீர் வற்றும்வரை தள்ளிவைத்தோம்.

செவிலியர்

எங்கள் வார்டில் வீட்டுக்குப் போகும் எல்லோரிடமும் ஒரு நோட்டு வாங்கச் சொல்வோம். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்காமல் போன் செய்ய வேண்டும். ஒரு பாட்டிக்கு அப்படி ஏறியது. மாத்திரை தவறவில்லை, ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் விட்டாயிற்று. "சும்மா வேற ஏதாச்சும் போட்டீங்களா பாட்டி?" என்று கேட்கக் கேட்க, கடைசியில் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் வெளியே வந்தது. உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கிற மாத்திரை அது. வலி மாத்திரையை யாரும் "மருந்து" என்று கணக்கில் சொல்வதில்லை, பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நோயாளியின் மகள்

அப்பாவுக்கு இரவில் படுத்தால் இருமல். வீசிங் என்று மாதக்கணக்கில் இன்ஹேலர் கொடுத்தார்கள். இரண்டு தலையணை மூன்றாகி, பிறகு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். எக்கோ எடுத்த பிறகுதான் இதயம் என்று தெரிந்தது. இப்போது இதே நான்கு மாத்திரைகள், மாடி ஏறுகிறார். வெயிலுக்கு இளநீர் கேட்கிறார், கொடுக்கலாமா?

மருத்துவர்

அவருடைய பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஸ்பைரோனோலாக்டோனும் சாக்குபிட்ரில்-வல்சார்டனும் அதை இரத்தத்தில் ஏற்றக்கூடியவை. தொடங்கிய முதல் வாரத்திலும் நான்காவது வாரத்திலும் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையென்றால் இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஏதாவது ஆபரேஷன் வந்தால் டபாக்ளிஃப்ளோசினை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முடிந்து சாப்பிடத் தொடங்கியதும், திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்று நீங்களே கேளுங்கள்.