இரவு லென்ஸ்: வளரும் கண்ணுக்குக் கெடுதலா?

கேள்வி:
மகளுக்கு 9 வயது, கிட்டப்பார்வை. ஒவ்வொரு பரிசோதனையிலும் பவர் ஏறுகிறது; இப்போது மைனஸ் 3. இரவில் கடினமான லென்ஸ் போட்டுத் தூங்கினால் பகலில் கண்ணாடி வேண்டாம், பவர் ஏறுவதும் குறையும் என்கிறார் மருத்துவர். வளரும் கண்ணை இப்படி அழுத்தலாமா?

பதில்:
குழந்தைகளுக்கு இந்த லென்ஸ் பொருத்துவதுதான் என் வேலை. மாறுவது கண் முழுவதும் அல்ல, கருவிழியின் மேல்தோல். அதன் தடிமனே சுமார் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மி.மீ.யில் இருபதில் ஒரு பங்கு. லென்ஸுக்கு அடியில் இருக்கும் கண்ணீர்ப் படலத்தின் விசையால் அது நடுவில் மெலிந்து, சுற்றிலும் லேசாகத் தடிக்கும். நடுப்பகுதி தட்டையாவதால் பகலில் பார்வை தெளிவாக இருக்கும். போடுவதை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய வடிவம் திரும்பிவிடும். ஆகவே கிட்டப்பார்வை குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

கிட்டப்பார்வை ஏறுவதற்கு முக்கியக் காரணம், கண் பின்பக்கமாக நீள்வது. 1 மி.மீ. நீண்டால் பவர் ஏறக்குறைய 2.5 கூடும். ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுக் குழந்தைகளை 2 ஆண்டுகள் கவனித்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணாடி போட்டவர்களைவிட இந்த லென்ஸ் போட்டவர்களின் கண் 43 சதவீதம் மெதுவாக நீண்டது. கவனியுங்கள், நீள்வது நிற்கவில்லை. லென்ஸ் கருவிழியைத் தட்டையாக்கிவிடுவதால், போட ஆரம்பித்த பிறகு பவரைப் பார்த்துக் கண் நீள்வதைக் கண்டுபிடிக்கவே முடியாது. லென்ஸ் தொடங்கும் முன்பும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறையும் கண்ணின் நீளத்தை அளப்பார்களா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அளக்கும் கருவி இல்லாத இடத்தில் நான் தொடங்கமாட்டேன்.

இன்னொரு பதில்:
அக்கா, என் பையன் போடுகிறான். என் பயமெல்லாம் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் அமீபா கருவிழியில் புகுந்தால் பார்வையே போகலாம். லென்ஸையோ டப்பாவையோ தண்ணீரில் அலசவே கூடாது, கையை ஈரம் போகத் துடைத்த பிறகுதான் தொடவேண்டும். காலையில் லென்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுக்காமல் சொட்டு மருந்து விட்டு, கண் சிமிட்டச் சொல்லி, அது நகர்ந்த பிறகு எடுப்போம்.

கேட்டவர்:
நன்றி. எப்போது நிறுத்தலாம்?

பதில்:
14 வயதுக்கு முன் நிறுத்தினால் கண் மறுபடி வேகமாக நீள வாய்ப்புண்டு. அதனால் பல வருடம் தொடர முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆனால் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் அன்றிரவு லென்ஸ் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.