நூற்றுக்கணக்கான உரைக்கோப்புகளில் ஒரு சொல்லைத் தேடித் திருத்துவது எப்படி?

மெய்ப்பு_பார்ப்பவர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பழைய கட்டுரைகளையும் செய்யுள் உரைகளையும் தட்டச்சு செய்து சேர்த்த உரைக்கோப்புகள் ஒரே கோப்புறையில் பல நூறு உள்ளன. அவற்றில் 'பொறுப்பு' என்று இருக்கவேண்டிய இடங்களில் 'பொருப்பு' என்று பிழையாக உள்ளது. ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துவதைவிட, உபுண்டு இயங்குதளத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்திலேயே இதைச் செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கோப்புகளில் சொற்களைத் தேடும் கிரெப் கட்டளையால் தேடிப் பார்த்தேன். சில கோப்புகளில் அந்தச் சொல் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் அகப்படவில்லை. காரணம் என்ன? எங்கிருந்து கற்கத் தொடங்கலாம்?

கட்டளைவரி

வணக்கம். திருத்துவதற்கு முன் தேடலை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கிரெப்புக்குச் சிறிய 'ஆர்', 'என்' என்னும் இரு விருப்பங்களையும் (கட்டளையுடன் சேர்க்கும் ஆங்கில எழுத்துகள்) கொடுத்தால், கோப்புறை முழுவதையும் துழாவி, கோப்பின் பெயர், வரி எண், அந்த வரி ஆகியவற்றைக் காட்டும். சிறிய 'எல்' கொடுத்தால் கோப்புப் பெயர்கள் மட்டும் வரும். 'சி' விருப்பம் தரும் எண்ணிக்கை சொல் வந்த வரிகளுடையதே என்பதால், ஒரே வரியில் இருமுறை வந்த சொல்லும் ஒன்றாகவே எண்ணப்படும்.

வரிகளைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நீங்கள் எடுத்துக்கொண்ட சொல்லிலேயே உள்ளது. 'பொருப்பு' என்றால் மலை. உங்களிடம் செய்யுள் உரைகளும் இருப்பதால், உரையில் சொற்களை மாற்றித்தரும் செட் கட்டளையைக் கொண்டு எல்லா இடங்களிலும் ஒரே வீச்சில் மாற்றினால், மலையைப் பாடிய வரிகளும் சேர்ந்து கெட்டுவிடும். அதைப் பின்னர் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஐயத்திற்கு இடமில்லாத மாற்றங்களுக்குச் செட் மிகச் சிறந்த கருவி. அதன் 'ஐ' விருப்பம் மூலக்கோப்பையே மாற்றிவிடும் என்பதால், அதனுடன் இடைவெளியின்றி '.பேக்' என்று சேர்த்து, பழைய படி ஒன்று தனியே நிற்குமாறு செய்யுங்கள். மாற்றக் கட்டளையின் இறுதியில் 'ஜி' இல்லையெனில் ஒவ்வொரு வரியிலும் முதலில் வருவது மட்டுமே மாறும். வேலை முடிந்ததும் டிஃப் கட்டளையால் இரு படிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குறியேற்றம்

தேடலில் சொல் அகப்படாததற்கு, 'பொ' என்ற எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமுறையான யூனிகோடில் இரு வகையாகச் சேமிக்கப்படலாம் என்பது காரணமாக இருக்கக்கூடும். பகரத்துடன் ஒகரக் குறி ஒரே குறியாக வரலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் 'பொருப்பு' முதல் வகையில் 8 குறிகள், யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 24 பைட்டுகள். இரண்டாம் வகையில் 9 குறிகள், 27 பைட்டுகள். கிரெப் குறிகளையே ஒப்பிடுவதால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று கிடைக்காது.

ஐசியூ என்னும் யூனிகோடு மென்பொருள் தொகுப்பிலுள்ள யூகான்வ் கட்டளையால் எல்லாக் கோப்புகளையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்திற்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மிகப் பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத டிஸ்கி என்னும் தமிழ்க் குறியேற்றத்தில் இருந்தால், முதலில் குறியேற்றத்தை மாற்றும் ஐகான்வ் கட்டளையால் யூடிஎஃப்-8க்குக் கொண்டுவாருங்கள்.

மெய்ப்பு_பார்ப்பவர்

மிக்க நன்றி. என்எஃப்சிக்கு மாற்றியபின் விடுபட்ட கோப்புகளும் தேடலில் வருகின்றன. செய்யுள் உரைகளில் 'பொருப்பு' மலையைக் குறிக்கும் இடங்களும் உண்மையாகவே இருக்கின்றன. இனி ஒவ்வோர் இடத்தையும் பார்த்து முடிவுசெய்ய எந்த எடிட்டரைப் பயன்படுத்தலாம்?

கட்டளைவரி

ஒன்றிரண்டு கோப்புகள் என்றால் நேனோ என்னும் எளிய எடிட்டர் போதும். அதன் குறுக்குவிசைகள் திரையின் அடியிலேயே எழுதப்பட்டிருக்கும். உங்கள் வேலைக்கு விம் என்னும் எடிட்டர் ஏற்றது. அதன் மாற்றக் கட்டளை செட்டில் உள்ளதைப் போன்றதுதான். இரண்டுக்கும் வேர், கென் தாம்ப்சன் 1969இல் எழுதிய எட் என்னும் எடிட்டர். கிரெப் என்ற பெயரும் எட் எடிட்டரின் ஒரு கட்டளையிலிருந்தே வந்தது. ஆகவே ஒன்றில் பழகியது மற்றவற்றிலும் பெரும்பாலும் செல்லும்.

கிரெப்பின் சிறிய 'எல்' தந்த கோப்புகளை மட்டும் விம்மில் திறந்து, மாற்றக் கட்டளையின் இறுதியில் 'ஜி'யுடன் 'சி'யும் சேருங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று மாற்றலாமா என்று கேட்கும். 'ஒய்' அழுத்தினால் மாற்றும். 'என்' அழுத்தினால் விட்டுவிட்டு அடுத்த இடத்திற்குச் செல்லும். தவறாக மாற்றிவிட்டால், எஸ்கேப் விசையை அழுத்தி நிறுத்தியபின் 'யூ' அழுத்துங்கள். அந்தக் கட்டளை அக்கோப்பில் செய்த மாற்றங்கள் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பும்.