1.34-ஐ 1 ஆக்கினால் தப்பா? எளிய விகித வாய்ப்பாட்டுக் கணக்கு ஒன்றில் உதவி வேண்டும்

கல்லிடைக்குறிச்சி அம்மா:
பையன் பதினொன்றாம் வகுப்பு. இரும்பு ஆக்சைடு ஒன்றில் இரும்பு 72.4 சதவீதம், ஆக்சிஜன் 27.6 சதவீதம், எளிய விகித வாய்ப்பாடு காண்க, அதாவது எத்தனை இரும்பு அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் அணு என்று சிறிய முழு எண்களில் சொல்ல வேண்டும் என்று கணக்கு. எங்களுக்கு இரும்பு 1, ஆக்சிஜன் 1 என்றுதான் வருகிறது. விடைப்பக்கத்தில் இரும்பு 3, ஆக்சிஜன் 4. நான் படித்தது காமர்ஸ். இரண்டு நாளாக அடுப்படியில் நின்றபடியே போட்டுப் பார்க்கிறேன். அச்சுப்பிழையா?

பாளை டியூஷன்:
விடை சரிதான் அக்கா. நீங்கள் போட்டதை வரி விடாமல் எழுதுங்கள்.

கல்லிடைக்குறிச்சி அம்மா:
மொத்தம் 100 கிராம் என்று வைத்துக்கொண்டோம். 72.4-ஐ இரும்பின் அணு நிறை 56-ஆல் வகுத்தால் 1.29. 27.6-ஐ 16-ஆல் வகுத்தால் 1.73. சின்னது 1.29, அதால் இரண்டையும் வகுத்தால் 1, 1.34. அதை முழு எண்ணாக்கி 1. ஆனால் அணு நிறையால் எதற்கு வகுக்கிறோம் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

பாளை டியூஷன்:
புளியங்குடி எலுமிச்சையும் தேங்காயும் கலந்த மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். எடையில் பாதிக்குப் பாதி என்றால் எண்ணிக்கையிலும் பாதியா? ஒரு காயின் எடையால் வகுத்தால்தானே எத்தனை காய் என்று தெரியும். சதவீதம் எடைக் கணக்கு, வாய்ப்பாடு தலைக் கணக்கு. அணு நிறையால் வகுப்பது அதற்குத்தான்.

கடைசி வரியில்தான் கோளாறு. பைசாவை ரூபாயாக்குகிற பழக்கம் இங்கே ஆகாது. 1.02 வந்தால் 1 என்று விடலாம், 1.98-ஐ 2 ஆக்கலாம். 1.34-ஐ அப்படிச் செய்தால் நாலு ஆக்சிஜனில் ஒன்றைத் தூக்கி எறிந்த மாதிரி. இடையில் மூன்று தசமம் வைத்துப் பாருங்கள்: 1.293, 1.725. வகுத்தால் 1.334, அதாவது ஒன்றே மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் 3-ஆல் பெருக்கினால் 3, 4. மேக்னடைட், காந்தம் இழுக்கிற கறுப்பு ஆக்சைடு. அரை வந்தால் 2-ஆலும், கால், முக்கால் வந்தால் 4-ஆலும் பெருக்க வேண்டும்.

லேத் பட்டறை:
குறுக்கே வருகிறேன் அண்ணாச்சி. 1.3 என்று வைத்து 10-ஆல் பெருக்கினால் 10, 13 என்று முழு எண் வந்துவிடுகிறதே?

பாளை டியூஷன்:
வரும் தம்பி, அப்படிப் பெருக்கினால் எதற்குத்தான் வராது! திருப்பிப் போட்டுப் பாரும். 10-க்கு 13 என்றால் 768-இல் 560 இரும்பு, 72.9 சதவீதம். 3-க்கு 4 என்றால் 232-இல் 168, 72.4. கணக்கில் கொடுத்தது எது? அக்காவின் 1-க்கு 1 என்றால் 72-இல் 56, 77.8-க்குப் போய்விடும். விடை எழுதியதும் இந்த ஒரு வரியைப் போடச் சொல்லித்தான் பிள்ளைகளிடம் தொண்டை வற்றுகிறது.

கல்லிடைக்குறிச்சி அம்மா:
அடுத்த கணக்கு நானே போட்டேன் அண்ணாச்சி. இரும்பு 69.9, ஆக்சிஜன் 30.1. அணு நிறையால் வகுத்தால் மோல், அதாவது அணு எண்ணிக்கைக்கான அளவு, 1.248, 1.881. வகுத்தால் 1.507. அரை என்று வைத்து 2-ஆல் பெருக்கி இரும்பு 2, ஆக்சிஜன் 3. திருப்பிப் போட்டேன், 160-இல் 112, சரியாக 70 வருகிறது. 69.9-க்கு இது போதுமா?

பாளை டியூஷன்:
போதும் அக்கா. 56 என்பதே 55.85-ஐச் சுருக்கியதுதான், அந்த 0.1 அங்கேதான் போனது. இது ஹெமடைட். திருச்செந்தூர்ப் பக்கம் தேரி மணல் செக்கச்செவேல் என்று இருக்கிறதே, அந்தச் சிவப்பு இதுதான்.

கல்லிடைக்குறிச்சி அம்மா:
பையனிடம் சொன்னேன். போன மாசம் தேரியில் விளையாடிய டவுசரில் இன்னும் இருக்கிறதாம். துவைத்துத் துவைத்து எனக்குத்தான் கை போச்சு.