ஏகமனதாகவா? அந்தக் கைகள் கொத்தவரை விதைக்குத் தூக்கியவை

செம்பருத்தி:
நம்ம கோவை மாடித்தோட்டச் சங்கத்தின் பொதுக்குழு முடிந்த அன்று சாயங்காலமே புதுத் தலைவர் சால்வையோடு நிற்கிற படத்தைப் போட்டு, கீழே "ஏகமனதாகத் தேர்வு" என்று எழுதியிருக்கிறார்கள். யார் எழுதியது? நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். மேடையில் அவர் பெயரை முன்மொழிந்த அதே நேரத்தில் பின்பக்கம் ஆடிப்பட்டத்துக்கான விதைப் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "கொத்தவரை யாருக்கு வேணும்"னு ஒருத்தர் சத்தம் போட்டார், பாதி மண்டபம் கையைத் தூக்கியது. மேடையில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு "சரி, எல்லாரும் சம்மதம்" என்று மைக்கில் சொல்லிவிட்டார். இதற்குப் பெயர் ஏகமனதா?

கற்றாழை:
அக்கா, நீங்க தோற்றுப்போன அணி, வருத்தம் இருக்கும், புரிகிறது. ஆனால் விதை கொடுத்தது ஓட்டெடுப்பு முடிந்த பிறகு. நான்தான் அந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். முதலில் தலைவர், அப்புறம் செயலாளர், பொருளாளர், அதற்கு அப்புறம்தான் விதை. எதிர்த்து ஒரு கை எழுந்ததா? இல்லையே. பிறகு ஏகமனது இல்லாமல் வேறென்ன?

செம்பருத்தி:
எதிர்க்கிறவர்கள் கை தூக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா? கேட்டால்தானே தூக்க முடியும். கொத்தவரைக்குத்தான் கேட்டார்கள்.

ஆடிப்பட்டம்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, பிரிவு 15ஐப் படித்துப் பாருங்க. கூட்டத்துக்கு வந்திருந்து வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் பெரும்பான்மை போதும். ஏகமனது வேண்டும் என்று சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. செயற்குழுவின் பதவிக்காலம் 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது, ஆனால் அதே ஆட்களைத் திரும்பவும் தேர்ந்தெடுக்கலாம். புதுக் குழுவின் விவரத்தைப் படிவம் 7ல் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்?

செம்பருத்தி:
சட்டம் கேட்காததை ஏன் ஐயா படத்துக்குக் கீழே எழுதினார்கள்? "பெரும்பான்மையாக" என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். வாக்களிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று நீங்களே சொல்கிறீர்கள், சந்தா ரசீதைப் பார்த்தா உள்ளே விட்டார்கள்? செடி வாங்க வந்தவர், வாட்ஸப் குழுவில் மட்டும் இருக்கிறவர், பேரனைக் கூட்டி வந்த தாத்தா எல்லாரும்தான் நாற்காலியில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கொத்தவரை வேணும், அத்தனை கையும் எழுந்தது.

கற்றாழை:
திரும்பவும் கொத்தவரை. அக்கா, நீங்க இருந்தது இரண்டாவது வரிசை. முதுகுக்குப் பின்னால் யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

செம்பருத்தி:
சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். எனக்குக் கழுத்து இருக்கிறது.

வேப்பெண்ணெய்:
செம்பருத்தி அக்கா சொல்வது சரி. நானும் பின்னால் நின்றேன். என் கையில் அப்போதே பாக்கெட் இருந்தது, அதனால் விதை முதலில், ஓட்டு அப்புறம்தான். இன்னொன்றும் சொல்கிறேன். புதுத் தலைவருக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? போன மாதம் பயிற்சி வகுப்பில் மாவுப்பூச்சிக்கு மருந்தே அடிக்க வேண்டாம், தானாகப் போய்விடும் என்று பேசினார். பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது ஊரையே காப்பாற்றியது வேப்பெண்ணெய்க் கரைசல்தான்.

கற்றாழை:
அவர் சொன்னதை அரைகுறையாகச் சொல்லாதீங்க. அந்தப் பூச்சி 2008ல் நம்ம கோவையில்தான் முதலில் தென்பட்டது. மரவள்ளி, மல்பெரி, பப்பாளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது. மருந்து அடித்து அடித்து யாருக்கும் அடங்கவில்லை. 2010ல் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை, அதாவது அந்தப் பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்கிற குட்டிக் குளவிகளை, கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கண்டதை அடித்தால் அந்தக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும், அதனால் பொறுங்கள் என்றுதான் அவர் சொன்னார். இது செடி தெரியாதவர் பேச்சா?

வேப்பெண்ணெய்:
குளவி வருகிற வரைக்கும் செடியை யார் காப்பாற்றியது? என் மாடிக்கு எந்தக் குளவியும் வரவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தேன், செடி நிற்கிறது. வேணும்னா வந்து பாருங்க.

செம்பருத்தி:
மாவுப்பூச்சியை வேறு இடத்தில் பேசுங்கள் தம்பி. இங்கே கேள்வி ஒன்றுதான். விதை முதலிலா, ஓட்டு முதலிலா? பாக்கெட் கையில் இருந்தது என்று இவரே சொல்லிவிட்டார்.

புதுத்தொட்டி:
நான் இந்த வருடம்தான் சேர்ந்தேன். அன்றைக்கு நான் கை தூக்கியது தலைவருக்குத்தான். கொத்தவரையும் வாங்கினேன், அது பிறகு. புதியவர்கள் எல்லாரும் விதைக்காக வந்த கூட்டம் என்று பேசுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பழைய குழு இருந்த காலத்தில் தென்னைநார்க் கழிவுக் கட்டி கேட்டு மூன்று தடவை போன் பண்ணினேன், ஒருவரும் எடுக்கவில்லை.

செம்பருத்தி:
கட்டி தீர்ந்துபோனால் நான் என்னம்மா செய்வேன், என் வீட்டிலா காய்ச்சுகிறேன்? பழைய குழு என்கிறீர்களே, அந்தக் குழுதான் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கு நடையாக நடந்து மானியத் தொகுப்பு வாங்கிக் கொடுத்தது. பையைத் தலையில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏற்றிக் கொடுத்தவள் நான். ஒரு ரூபாய் வாங்கினதில்லை. அப்படிப்பட்டவர்களை ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுத் தோற்கடித்திருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். வாக்குச்சீட்டு வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்தேன், அதைப் பொதுக்குழுவில் வாசிக்கவே இல்லை.

கற்றாழை:
கடிதம் கூட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரி வந்தது. அதை எப்படி நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது? மண்டபத்துக்கு வாடகை இரண்டு மணி நேரத்துக்குத்தான் கட்டியிருந்தோம்.

செம்பருத்தி:
விதை பிரிக்க மட்டும் நேரம் இருந்ததா?

ஆடிப்பட்டம்:
மனக்குறை உண்மையாக இருந்தால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம், பிரிவு 36. இங்கே எழுதி ஒன்றும் ஆகாது.

செம்பருத்தி:
மூன்றில் ஒரு பங்கு என்றால் மொத்தம் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே ஐயா. உறுப்பினர் பதிவேடு யாரிடம் இருக்கிறது? கற்றாழையிடம். கேட்டால் தருவாரா?

கற்றாழை:
பதிவேட்டைப் பழைய செயலாளர் இன்னும் ஒப்படைக்கவில்லை அக்கா. மினிட்ஸ் புத்தகமும் சங்கத்துக் கவாத்துக் கத்தரிகளும்கூட வரவில்லை. முதலில் அதைச் சொல்லுங்க.

வேப்பெண்ணெய்:
கத்தரியில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதற்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். திருடன் மாதிரி பேச வேண்டாம்.

கற்றாழை:
உங்களை யார் சொன்னது? இரண்டாவது கத்தரி எங்கே என்றுதான் கேட்டேன்.

செம்பருத்தி:
பேச்சை மாற்றாதீர்கள். கத்தரி ஞாயிற்றுக்கிழமை வந்து சேரும். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற "ஏகமனதாக" என்பதை எப்போது எடுக்கப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

கற்றாழை:
எடுக்க மாட்டோம். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை.