புதுப்பிப்பு: ஷிஃப்ட் குழப்பத்தில் வேலை போன கதை

போன மாதம் எழுதியிருந்தேன்: கலிபோர்னியாவில் ஒரு கடையில் வேலை. மாற்றிய அட்டவணையைக் கவனிக்காமல் காலை ஷிஃப்டுக்கு மாலையில் போய் நின்றேன். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். "தப்பு உன்னுடையது, வேலையின்மை உதவித்தொகையும் கிடைக்காது" என்றார் மேனேஜர். நானும் நம்பிவிட்டேன்.

கிடைத்துவிட்டது!

எதற்கும் விண்ணப்பித்துப் பார்த்தேன். உதவித்தொகை அலுவலகத்தின் தொலைபேசிப் பேட்டிக்கு முந்தின இரவு தூக்கமே இல்லை. அதிகாரி முக்கியமாகக் கேட்டது இரண்டு: வேண்டுமென்றே வராமல் இருந்தீர்களா? முன்பு எச்சரித்திருக்கிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்றேன். வேலை போனது கவனப்பிசகால் என்றால் அதை இங்கே ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்வதில்லை. வேண்டுமென்றே செய்திருந்தாலோ, எச்சரித்த பிறகும் திரும்பத் திரும்பச் செய்திருந்தாலோதான் சிக்கல். விஷயம் தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய மெசேஜைப் பத்திரமாக வைத்திருந்ததில் பேசவும் தைரியம் வந்தது.

முதல் வாரம் காத்திருப்பு வாரம், பணம் கிடையாது. அப்புறம் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். எனக்கு அதைவிடக் குறைவு. வாடகைக்கே இழுபறிதான். இன்னும் வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிக்க வேண்டும், அதற்கு மூன்று அலாரம் வைத்திருக்கிறேன் (பட்டால்தானே புத்தி!).

முதலாளி மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். இன்னும் 11 நாள் பாக்கி.